கடுகுக்கீரை: வறையா, பருப்பா, பாலா, புளிக்கவைப்பதா?

திருகோணமலையில் இலைக்கறி என்றால் முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, கங்குன் என்று வரிசை நீளும். அந்த வரிசையில் கடுகுக்கீரைக்கு இன்னும் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. மலைநாட்டு மரக்கறி ஏற்றிவரும் லொறிகளோடு சில நாட்களில் வந்துசேரும்; மாரி காலத்தில் சில வீட்டுத் தோட்டங்களிலும் முளைக்கும். வாங்கிப் போகிறவர்களில் பலர் முளைக்கீரையைச் சமைப்பதுபோலவே அதையும் சமைத்துவிட்டு, "ஒரே கைப்பு" என்று சொல்லி அடுத்த முறை ஒதுங்கிப் போகிறார்கள். நல்லதோர் இலைக்கு இது பெரிய அநியாயம். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடுகுக்கீரையை எப்படிச் சமைப்பது சிறந்தது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கையில் இருக்கும் இலை இளசா, முற்றலா? வறை, பருப்புக் கடையல், பால்கறி, அவித்துப் பிழிவது, புளிக்கவைப்பது என்று வழிகள் பல இருக்கின்றன. இளசுக்கு உயிர்கொடுக்கும் வழி முற்றலைக் கெடுத்துவிடும். முற்றலை மீட்கும் வழி இளசை வீணாக்கிவிடும். ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னர் இலையைப் பார்த்துவிடுவோம்.

இது நாம் தாளிக்கும் அதே கடுகுச் செடியின் இலை. தாவரவியலில் பிராசிக்கா ஜுன்சியா என்று பெயர். கோவா, பூக்கோவா, முள்ளங்கி எல்லாம் இதே குடும்பம். இலைக்குள் சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியமும் வெவ்வேறு அறைகளில் அடைபட்டிருக்கின்றன. இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. வெட்டினாலோ கசக்கினாலோ கலங்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போதுதான் மூக்கில் ஏறும் அந்தக் காரம் பிறக்கிறது. ஓர் இலையை விரல்களுக்கிடையே கசக்கி முகர்ந்து பாருங்கள். முதலில் வெறும் பச்சை வாசம் வரும். சற்றுப் பொறுத்தால் மூக்கின் மேற்புறத்தில் சுரீர் என்று ஒன்று ஏறும். அச்சாற்றில் அரைத்துச் சேர்த்த கடுகு மூக்கைப் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

சமையலறையில் இதற்குப் பெரிய பொருள் இருக்கிறது. சினிகிரின் தானே கைப்பான பொருள். இலையை முழுதாகவோ பெரிய துண்டுகளாகவோ சூட்டில் போட்டால் நொதியம் செயலிழந்துவிடும். சினிகிரின் மாறாமல் நின்று நாக்கில் கைக்கும். பொடியாக அரிந்து சற்று நேரம் விட்டால் அதில் ஒரு பகுதி காரமாக மாறிவிடும். அந்தக் காரம் ஆவியாகும் தன்மையுள்ளது, அடுப்பில் பெருமளவு பறந்துவிடும். முளைக்கீரையைப் போல முறித்துப் போட்டு மூடி வேகவைத்தவர்களுக்குக் கைப்பு மட்டும் மிஞ்சுவது ஏன் என்று இப்போது விளங்கும். எவ்வளவு பொடியாக அரிகிறோம், அரிந்தபின் எவ்வளவு நேரம் வைக்கிறோம், எவ்வளவு நேரம் சூடு காட்டுகிறோம் என்ற மூன்றும்தான் நம் கையில் உள்ளவை. கீழே வரும் எல்லா முறைகளும் இந்த மூன்றையும் வெவ்வேறு விதமாகக் கையாள்பவையே.

வயதை அறிய நகம் போதும். தண்டின் அடிப்பகுதியை நகத்தால் அழுத்துங்கள். சட்டென்று உடைந்து நீர் கசிந்தால் இளசு. நார் இழுபட்டால் முற்றல். நடு நரம்பு வெளுத்துத் தடித்திருந்தாலும், நுனியில் மஞ்சள் மொட்டுகள் தெரிந்தாலும் அந்தச் செடி இலைப் பருவத்தைக் கடந்துவிட்டது என்று கொள்ளலாம். வெயிலில் வாடிய செடி சீக்கிரம் பூக்கும்; அதன் இலையில் கைப்பும் காரமும் மிகும். லொறியில் வந்த கட்டாக இருந்தால் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். வெளியே பச்சையாகத் தெரியும் கட்டின் உட்புறம் சூடேறி மஞ்சளித்திருக்கும்.

இளம் இலை கிடைத்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், வறைதான். கடுகுக்கீரையின் முழுக் குணமும் தெரியும் ஒரே முறை இதுவென்பேன். நம் சோற்றுக்கும் மீன்குழம்புக்கும் இதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை. சூடையோ பாரையோ புளிவிட்டுக் குழம்பு வைத்த நாளில் பக்கத்தில் ஒரு கரண்டி கடுகுக்கீரை வறை இருந்தால் எண்ணெய்த்தன்மையும் மீன் வாசமும் வாயில் தங்காது. அடுத்த கவளத்துக்கு நாக்குத் தானாகவே ஆயத்தமாகிவிடும். முருங்கையிலை வறை இதைச் செய்யாது. அது மென்மையானது, குழம்போடு கலந்து போய்விடும்.

வறை கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். இலையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். சுருக்கங்களுக்குள் மணல் ஒளிந்திருக்கும். அலசியபின் துணியில் பரப்பி ஈரத்தைப் போக்குவது முக்கியம். ஈரத்தோடு போட்டால் வறை வறையாக இராது, அவியலாகிவிடும். பிறகு இலைகளை அடுக்கி, இறுகச் சுருட்டி, கூரிய கத்தியால் எவ்வளவு மெல்லியதாக அரிய முடியுமோ அவ்வளவு மெல்லியதாக அரியுங்கள். மழுங்கிய கத்தி இலையை அரியாமல் நசுக்கும். பலகை பச்சையாகிவிட்டால் சாறு அதிலே போய்விட்டது என்று பொருள். அரிந்ததைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் அரிந்து, தேங்காய் துருவிவிடலாம்.

நான்கு பேருக்குக் கால் கிலோ இலை போதும். அடுப்பில் அது பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். தாச்சியில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டு, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதங்கியதும் இலையைப் போடுங்கள். உப்பும் மஞ்சளும் அப்போதே சேரலாம். தீ பெரிதாக இருக்கட்டும். மூடவே கூடாது. மூடினால் ஆவியோடு போகவேண்டிய அமிலங்கள் உள்ளேயே தங்கி இலையின் பச்சையை மங்கலான பழுப்பாக்கிவிடும். இலை சுருங்கி, நிறம் ஒருகணம் பளிச்சென்று ஏறும். கவனித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். அதுதான் தேங்காய்ப்பூ போடும் நேரம். ஒரு கைப்பிடித் தேங்காய்ப்பூவைத் தூவி, இரண்டு கிளறு கிளறி இறக்கிவிடுங்கள். மொத்தம் மூன்று நான்கு நிமிட வேலை. தேசிக்காயைச் சூடு தணிந்தபின் பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் மறுபடியும் நிறம் கெடும்.

மாசித்தூள் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து மாறும். மீன்குழம்பு இருக்கும் நாளில் தேவையில்லை என்பது என் எண்ணம். வெறும் பருப்பும் சோறுமாக இருக்கும் நாளில் ஒரு தேக்கரண்டி மாசி, அல்லது வறுத்து நொறுக்கிய நெத்தலிக் கருவாடு, வறையைத் தூக்கிவிடும். மாசியிலேயே உப்பு இருப்பதால் கீரைக்குப் போடும் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முற்றிய இலையை வைத்துக்கொண்டு வறை செய்ய முயல வேண்டாம். எவ்வளவு பொடியாக அரிந்தாலும் நார் பல்லில் மாட்டும், மூன்று நிமிடத்தில் வேகாது, கூடுதல் நேரம் வைத்தால் தேங்காய் கருகும். அதற்குப் பருப்புத்தான் வழி. மைசூர்ப் பருப்பு ஒரு கோப்பைக்கு இருநூறு கிராம் அளவு இலை சரியாக இருக்கும். பருப்பையும் இலையையும் ஒன்றாகப் போட்டு வேகவைப்பவர்கள் உண்டு. அதை நான் விரும்புவதில்லை. பருப்பு மலர்ந்துகொண்டிருக்கும்போது இலை களைத்துப்போய் எல்லாம் ஒரே மங்கல் நிறமாகிவிடும். பருப்பை மஞ்சளும் நான்கு பல் உள்ளியும் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, தண்டு துண்டுகளை முதலில் போடுங்கள். தண்டு மெதுவானதும் அரிந்த இலையைச் சேர்த்து ஏழெட்டு நிமிடம் விடுங்கள். மத்தால் முழுவதும் கடையாமல் பாதி மசித்தால் போதும். கடைசியில் இரண்டாம் பால் அரைக் கோப்பை, அதன்பின் தாளிதம்.

பருப்பின் மாவுத்தன்மை கைப்பை மூடும். பாலின் கொழுப்பு காரத்தை இழுத்துக்கொள்ளும். சிறு பிள்ளைகளும் பல்லில்லாத முதியவர்களும் மறுக்காமல் சாப்பிடக்கூடிய வடிவம் இது. வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாட்டுக்கும் ஏற்றது. மாசி இல்லாத குறையே தெரியாது. பிட்டோடு சாப்பிட்டால் சோற்றைவிட நன்றாக இருக்கும். ஆனால் கடுகுக்கீரையைத் தேடி வந்தவருக்கு இதில் கடுகின் முகம் பாதிதான் தெரியும். இளம் இலை கையில் இருக்கும்போது பருப்பில் போடுவதை நான் தடுப்பது அதனால்தான்.

பால்கறியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெண்டிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் அழகாகப் பொருந்தும் தேங்காய்ப்பால் இதற்குப் பொருந்துவதில்லை. பால் இனிப்பானது, அந்த இனிப்புக்குமேல் கைப்பு தனியாக மிதக்கும், இரண்டும் கூடாது. உருளைக்கிழங்கை அரைவாசி சேர்த்தால் ஓரளவு சரியாகும். அப்படியானாலும் அது உருளைக்கிழங்குப் பால்கறிதான்.

அவித்துப் பிழிந்து தண்ணீரைக் கொட்டுவதைப் பலர் முதல் வழியாகவே எடுக்கிறார்கள். கைப்பு போகும், உண்மைதான். சினிகிரின் நீரில் கரையும். ஆனால் உயிர்ச்சத்து சியும் அதோடு கரைந்து சாக்கடைக்குப் போகிறது. பச்சைக் கடுகுக்கீரை நூறு கிராமில் ஏறக்குறைய 70 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி இருக்கிறது. தோடம்பழத்தை விடவும் கூடுதல். அதை வேண்டுமென்றே கொட்டுவதற்கு வலுவான காரணம் வேண்டும். பூ விட்ட செடியின் இலை, அல்லது கடும் வெயிலில் வளர்ந்த இலை என்றால் அந்தக் காரணம் இருக்கிறது. அப்போதும் கொதிக்கும் நிறைந்த நீரில் ஒரு நிமிடம், அதற்குமேல் வேண்டாம். உடனே குளிர்நீரில் எடுத்துப் பிழிந்து, பருப்பிலோ வறையிலோ சேர்க்கலாம். இளம் இலைக்கு இதைச் செய்வது, வாங்கிய காசைத் தண்ணீரோடு ஊற்றுவதுதான்.

வடஇந்தியாவின் பஞ்சாபில் இதே இலையைக் குளிர்காலத்தில் மணிக்கணக்காக வேகவைத்துக் கடைகிறார்கள். பசளைக்கீரை வகையொன்றைத் துணைக்குச் சேர்த்து, சோளமாவால் தடிப்பாக்கி, இஞ்சியும் உள்ளியும் நெய்யில் தாளித்துக் கொட்டி, சோள ரொட்டியோடு சாப்பிடுவார்கள். சர்சோன் கா சாக் என்பது அதன் பெயர். நம் வீட்டில் அதைச் செய்துபார்க்க விரும்பினால் பசளி இலையைக் கூட்டாளியாக்குங்கள். இரண்டு பங்கு கடுகுக்கீரைக்கு ஒரு பங்கு பசளி. சோள ரொட்டிக்குப் பதில் குரக்கன் ரொட்டி அருமையாக நிற்கும். மழை கொட்டும் கார்த்திகை இரவுக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தோன்றவில்லை. குறை என்னவென்றால் எரிவாயு. ஒரு மணி நேரத்துக்குமேல் அடுப்பு எரிய வேண்டும். விறகடுப்பு உள்ள வீடுகளுக்கு அது ஒரு பொருட்டன்று. சிலிண்டரை மாதக் கணக்கில் நீட்டிக்கப் பார்க்கும் வீட்டுக்கு இது எப்போதாவது செய்யவேண்டிய சமையல். குக்கரில் வைத்தால் நேரம் குறையும், ஆனால் மெதுவாகக் கொதித்து வற்றும்போது வரும் திரட்சி வராது.

புளிக்கவைப்பது நம் பழக்கத்தில் இல்லாத வழி. சீனாவிலும் வியட்நாமிலும் கடுகுக்கீரையின் பெரும் பயன்களில் அதுவும் ஒன்று. நேபாளத்தில் வாடவைத்த இலையை நசுக்கிப் பானையில் அமுக்கிப் புளிக்கவைத்து, பிறகு வெயிலில் உலர்த்தி குந்த்ருக் என்று சேமித்துவைக்கிறார்கள். நமக்கு உலர்த்துவது சிக்கல். இங்கே கடுகுக்கீரை செழிக்கும் காலம் வாடைக்காற்றும் மழையும் உள்ள காலம். வெயில் சுள்ளென்று அடிக்கும் காலத்தில் இலை இல்லை. ஆகவே நேபாள முறையை விட்டுவிட்டு உப்புநீர் முறையை எடுத்துக்கொள்ளலாம். முற்றிய இலையை அரை நாள் வாடவிட்டு, அதன் நிறையில் நூற்றுக்கு மூன்று பங்கு உப்புப் போட்டுப் பிசைந்து, சுத்தமான கண்ணாடிப் போத்தலில் காற்றில்லாமல் அமுக்குங்கள். இலை தன் சாற்றுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே தெரியும் இலையில்தான் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊர்ச் சூட்டில் சில நாட்களிலேயே புளிப்பு ஏறிவிடும், குளிர்நாடுகளில்போல வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நாள்தோறும் ருசிபார்த்து, பிடித்த புளிப்பில் குளிர்சாதனப்பெட்டிக்கு மாற்றுங்கள். வழவழப்பும் அழுகல் வாசமும் வந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

இப்படிப் புளித்த இலையை அரிந்து, செத்தல் மிளகாயோடு எண்ணெயில் வதக்கிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம். சூரைமீன் துண்டுகளோடு தண்ணீராகக் கொதிக்கவைத்தால் பழப்புளியே தேவையில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை மனதில் வைத்து அளவோடு எடுக்கவேண்டும். ஒரு கட்டு வாங்கும் வீட்டுக்கு இந்த வேலை தேவையில்லை. தோட்டத்தில் ஒரே நேரத்தில் நிறைய வந்துவிட்டவர்களுக்கு இது நல்ல வழி.

பச்சையாகச் சம்பல் போடுவதும் உண்டு. வல்லாரைச் சம்பலுக்குச் செய்வதுபோல அரிந்து தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய் சேர்ப்பது. விரலளவு உயரத்தில் பிடுங்கிய நாற்று இலைக்கு மட்டும் சம்மதிப்பேன்.

அப்படிப்பட்ட நாற்று இலை கடையில் கிடைக்காது. வீட்டில்தான் முளைக்கவைக்க வேண்டும். வாங்குவதா வளர்ப்பதா என்ற இன்னொரு தெரிவு இங்கே எழுகிறது. திருகோணமலையைப் பொறுத்தவரை நாட்காட்டிதான் இதற்கு விடை சொல்லும். ஒக்டோபரில் மழை தொடங்கியதிலிருந்து ஜனவரி முடியும்வரை வளர்ப்பதே மேல். அஞ்சறைப்பெட்டியிலுள்ள கடுகு பழையதாக இல்லாவிட்டால் அதுவே முளைக்கும்; ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் முடிந்துவைத்தால் முளைதிறன் இரண்டு மூன்று நாட்களில் தெரிந்துவிடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் தண்ணீர் நிற்பதில்லை, சத்தும் நிற்பதில்லை. மாட்டெருவும் கூட்டெருவும் தாராளமாகக் கலக்க வேண்டும். இல்லையேல் அகன்ற சட்டியோ பழைய பேசினோ போதும், அடியில் துளையிருந்தால் சரி. விதையை மெல்லிய மண்ணால் மூடினால் போதுமானது. மூன்று நான்கு வாரத்தில் வறைக்கான இலை கிள்ளலாம். வெளி இலைகளை மட்டும் கிள்ளினால் நடுக்குருத்து மறுபடி கொடுக்கும். இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைப் புழுக்களும் சிறு பேன்பூச்சிகளும் அங்கேதான் குடியேறும். ஒன்றிரண்டு சட்டிதான் என்றால் கையாலேயே எடுத்துவிடலாம்.

மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் இதற்காகப் பாடுபட வேண்டாம். அந்த வறண்ட சூட்டில் செடி இலை வைப்பதற்கு முன்பே பூக்கப் பார்க்கும். ஊற்றும் தண்ணீருக்கும் கிடைக்கும் இலைக்கும் கணக்குச் சரிவராது. அப்போது மலைநாட்டு இலையை வாங்குங்கள். காலையில் லொறி இறங்கிய கையோடு சந்தைக்குப் போனால்தான் பிரயோசனம்; மாலைவரை வெயிலில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்த கட்டு, வீட்டுக்கு வருவதற்குள் அழுகத் தொடங்கிவிடும். அந்த மாதங்களில் கட்டு நன்றாயில்லை என்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம், பொன்னாங்காணியை வாங்கிக்கொள்ளுங்கள்.

உடல்நிலையும் தெரிவில் சேர வேண்டிய வீடுகள் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்களுக்குக் கடுகுக்கீரையில் நிறைந்துள்ள உயிர்ச்சத்து கே மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும். ஒருநாள் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் அங்கே ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். தைரொயிட் குறைபாடு உள்ளவர்கள் பச்சைச் சம்பலைத் தவிர்த்துச் சமைத்ததைச் சாப்பிடலாம். மறுபுறம், முளைக்கீரையிலும் பசளியிலும் மிகுந்திருந்து கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒட்சலேற்று என்ற பொருள் இதில் குறைவு. அதனால் இதிலுள்ள கல்சியம் உடம்பில் நன்றாகச் சேரும். பால் குடிக்க முடியாதவர்கள் உள்ள வீட்டில் கடுகுக்கீரையை முன்னுக்குத் தள்ள இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

நடைமுறையில் பெரும்பாலான கட்டுகள் கலப்பாகத்தான் வரும். உள்ளே குருத்து, வெளியே முற்றல். அதை ஒரே சட்டியில் போடுவதுதான் கைப்புக்கு அழைப்பு விடுப்பது. மேசையில் பரப்பி இரண்டாகப் பிரித்துவிடுங்கள். குருத்தும் நடு இலைகளும் அன்றைய மதிய வறைக்கு. வெளி இலைகளையும் தண்டுகளையும் கழுவாமல் பத்திரிகைத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் பருப்புக்குள் போகட்டும். தடித்த தண்டுகளின் தோலை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது நூல்கோலைப் போல மெதுவாக இருக்கும். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி உப்பும் தேசிக்காயும் பிசறி, சமையல் முடியும்வரை காத்திருக்கும் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடலாம்.